எலும்பு மில் எங்களுக்குத் தூரம்

லேக் வியூ கார்டன் குடியிருப்போர் நலச் சங்கம் பொதுக்குழுவைக் கூட்டி, இனிமேல் யார் கேட்டாலும் எலும்பு மில் இங்கிருந்து ரொம்பத் தூரம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்ட மறுநாள், எலும்பு மில் லைனிலிருந்து விடிகாலையில் வர வேண்டிய பால் மதியத்துக்கு மேல் தயிராக வந்து சேர்ந்தது.

பால்காரி சவரியம்மாள் கேனைக் காமேஸ்வரி வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அடுத்த மாவட்டத்திலிருந்து நடந்து வந்தவள் மாதிரி மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"இருட்டோட கெளம்பினேம்மா. நடக்கிறேன், நடக்கிறேன், சந்துல இருக்கிற அதே லைட்டுக் கம்பம்தான் திரும்பத் திரும்ப வருது. கம்பத்துல ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலியப் படிச்சுப் படிச்சு, செத்துப்போனவரு எனக்குச் சொந்தக்காரர் மாதிரியே ஆயிட்டாரு."

காமேஸ்வரி கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "தயிர் எங்க வீட்டுலயே இருக்கு," என்று சொல்லி மூடியைத் திரும்ப அமுக்கி மூடினாள்.

அந்தத் தெருவில் யாருமே ஆச்சரியப்படவில்லை என்பதைத்தான் ஜசிந்தாவால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆறடிச் சந்து ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக அரைநாள் பாதையாக நீண்டுபோயிருக்கிறது, எப்படி நீண்டது, யார் இழுத்தது என்று ஒரு ஆள் கேட்க வேண்டாமா? சொன்னோம், நடந்துவிட்டது, நம் சங்கத்துக்கு அவ்வளவு செல்வாக்கு என்று, தண்ணீர் வரி குறைந்த செய்தியைக் கேட்டவர்கள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டார்கள்.

லேக் வியூ கார்டனில் லேக் கிடையாது. மழை பெய்தால் காமேஸ்வரி வீட்டுக்கு முன்னால் தேங்குவதைக் கணக்கில் சேர்த்தால் உண்டு. கார்டனும் கிடையாது. அங்கே இருந்தது ஒரு எலும்பு மில். மாட்டெலும்பை லாரி லாரியாகக் கொட்டி, காயவைத்து, அரைத்து, உரமூட்டையாகக் கட்டி அனுப்பிய மில். அது மூடிப்போய், கூரைத் தகரத்தை எடைக்குப் போட்டு, நிலத்தை மனை பிரித்து விற்றார்கள். வாங்கியவர்கள் வீடு கட்டினார்கள், கிரில் போட்டார்கள், மெயின் ரோட்டில் ஆர்ச் வைத்தார்கள். ஆனால் பஸ் கண்டக்டர் இன்னமும் "எலும்பு மில்லெல்லாம் எறங்கு" என்றுதான் கத்தினார். ஆட்டோக்காரர்கள் எலும்பு மில் என்றால்தான் தலையை அசைத்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் போனில் "அந்த எலும்பு மில்லாங்க?" என்று கேட்டபோது, கார்டன்காரர்களுக்கு வாயில் முடி சிக்கியது போல இருந்தது.

ஆர்ச்சிலிருந்து ஒரே தெரு. தெரு முடிகிற இடத்தில் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம், மில்லில் எலும்பு அள்ளியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் குடியிருக்கும் ஓட்டு வீடுகள். அதற்கு லைன் என்று பெயர். லைனுக்குப் பின்னால் ரயில்வே மேடு. ஆக, லைனில் இருக்கிற யாரும் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமானால் சந்தைத் தாண்டி, கார்டன் தெரு வழியாகத்தான் மெயின் ரோட்டுக்குப் போயாக வேண்டும்.

தெருவின் கடைசி வீடு ஜசிந்தாவுடையது. அந்த மனையை யாரும் வாங்கமாட்டேன் என்று தள்ளியபோது அவள்தான் பிடிவாதமாக வாங்கச் சொன்னாள். கட்டியவர் புருஷன் இன்னாசிமுத்து, பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். பிடிவாதத்துக்குக் காரணம் தங்கை செசிலி. செசிலி கல்யாணம் பண்ணிக்கொண்டு போனது லைனுக்கு. ஜசிந்தாவின் கொல்லைக் கதவைத் திறந்தால் சந்து, சந்தைத் தாண்டினால் செசிலியின் அடுப்படிக் கதவு. ஒருத்தி இந்தக் கதவில் நின்று கையை நீட்டினால் மற்றவள் அந்தக் கதவில் நின்று வாங்கிக்கொள்வாள். நெத்திலிக் குழம்பு இந்தப் பக்கம் வரும், மிளகு ரசம் அந்தப் பக்கம் போகும், நடுநடுவே ஒரே கான்வென்ட்டில் படித்த இரண்டு பேருக்கே தெரிந்த வசவுகளும் போகும் வரும்.

பால் தயிரான அன்று ஜசிந்தா கொல்லைக் கதவைத் திறந்தாள். செசிலி அந்தக் கதவில் எப்போதும் போல நின்றிருந்தாள். மூக்குத்தி தெரிந்தது, நெற்றியில் ஒட்டிய மீன் செதில் தெரிந்தது, அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஜசிந்தா கையை நீட்டினாள். செசிலியும் கிண்ணத்தை நீட்டினாள். இரண்டு கைக்கும் நடுவில் காற்றுதான் இருந்தது, அந்தக் காற்று முடியவே இல்லை. ஒரு எட்டு எடுத்து வைத்தாள், இன்னொரு எட்டு, இன்னொன்று. லைட்டுக் கம்பம் வந்தது, போனது, வந்தது. திரும்பிப் பார்த்தால் தன் வீட்டுக் கொல்லைக் கதவு தூரத்தில் திறந்து கிடந்தது. செசிலி மட்டும் அதே இடத்தில், அதே கிண்ணத்தோடு, கண்ணெதிரே.

"அக்கா, வாசம் வருதா?"

"வருதுடி. வாசத்தை ஊத்திச் சோத்தைப் பெசஞ்சு தின்ன முடியுமா?"

பார்க்கலாம், பேசலாம், மோந்து பார்க்கலாம், தொட முடியாது. அதுதான் தீர்மானம் போட்ட தூரம்.

கார்டன் அந்தத் தூரத்துக்குப் பழகிய அழகை என்னவென்று சொல்வது! வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் மத்தியானம் வந்து நின்றபோது, "பஸ்ஸுக்குப் போறவன் நேரத்தோட கெளம்ப மாட்டானா, அது மாதிரி நீயும் கெளம்பி வா" என்றார்கள். கிளம்பினார்கள். முதல் நாள் சாயங்காலமே சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பி, மறுநாள் வாசல் தெளிக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி கிளம்பும் நேரம் வந்துவிடும் என்பதால் சிலர் போவதையே விட்டார்கள். கார் ஷெட்டில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்த பெருந்தன்மையைச் சங்கத்தில் கை தட்டிப் பாராட்டினார்கள். லைனில் ஒரு ஆள் அந்த லைட்டுக் கம்பத்தடியில் டீக்கடை போட்டான். ஒரு நடைக்கு அதே கடையைப் பல தடவை கடக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அவன், "எறங்கப்போறீங்களா, இன்னும் போகணுமா?" என்று ரயிலில் கேட்கிற மாதிரி கேட்டான். வீட்டு புரோக்கர்கள் வந்து மொட்டை மாடியில் நின்று லைனின் கூரைகளைக் காட்டி, "கண்ணுக்குத்தான் சார் தெரியும், அவங்களால வர முடியாது" என்று விளக்கினார்கள். தங்கள் பக்கத்துச் சுடுகாட்டையும் கறிக்கடையையும் இதே மாதிரி தள்ளி வைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வேறு நகர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்து விளக்கம் சொன்னவர் சங்கச் செயலாளர் ரத்னவேலு, ரிட்டையர்டு இன்ஜினீயர், தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

"சிம்பிள்," என்பார் ரத்னவேலு. "ஒற்றுமையாச் சொல்லணும். விடாமச் சொல்லணும்."

விட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரம் அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்; கேட்க ஆளில்லாமல் கார்டன்காரர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். சந்து தளர்ந்தது. வேலைக்காரர்கள் காலைப் பலகாரத்துக்கே வந்துவிட்டார்கள், லைனிலிருந்து ஒரு வெள்ளாடு வந்து காமேஸ்வரியின் குரோட்டன்ஸைக் காம்பு வரைக்கும் தின்றுவிட்டுப் போனது. திரும்பி வந்த ரத்னவேலு உறுதிமொழி ஒன்றை எழுதினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மைக் வைத்து, எல்லோரும் எழுந்து நின்று வலது கையை முன்னால் நீட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சொன்னார்கள்: "நாங்கள் லேக் வியூ கார்டன்வாசிகள். எலும்பு மில் எங்களுக்குத் தூரம்."

ஜசிந்தா சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் வாயை மட்டுந்தான் அசைச்சேன், சத்தமாச் சொல்லலை," என்றார் இன்னாசிமுத்து வீட்டுக்கு வந்ததும்.

"வாயை மட்டும் அசைக்கிறதுக்கு நீங்க என்ன தொட்டி மீனா?"

"எல்லாரும் சொல்லும்போது..."

"எல்லாரும் சேர்ந்து சொல்றதைச் சொல்றதுக்கு நாப்பது வருஷம் உங்களுக்குச் சம்பளம் கொடுத்தாங்க. இப்ப யார் கொடுக்கிறாங்க?"

தினமும் காலையில் அவள் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கான்வென்ட் அசெம்பிளியில் ஜெபம் சொல்லக் கற்றுக்கொடுத்த அதே நெஞ்சுக் குரலில், "எலும்பு மில் பக்கத்துலதான் இருக்கு! இந்தா இருக்கு! கையெட்டுற தூரத்துல இருக்கு!" என்று கத்துவாள். கத்தினால் சந்து கொஞ்சம் குறுகும். லைட்டுக் கம்பம் வழக்கத்தைவிட ஒரு தடவை குறைவாக வரும், அவ்வளவுதான். அவள் ஒரு வாய். தெருவில் இருந்தது நாற்பது வீடு.

லைனில் துணி தேய்க்கிற சந்தியாகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது ஒரு புதன்கிழமை. நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கார்டன்காரர்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள். ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு ஆண்பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க நின்ற இடத்திலேயே ஓடுவது நன்றாகத் தெரிந்தது. சந்தியாகுவின் கால் பெருவிரல் துடிப்பது தெரிந்தது. அது நின்றதும் தெரிந்தது. அவர் தேய்த்த சட்டையைப் போடாத ஆம்பிளை அந்தத் தெருவில் இல்லை. சங்கத்தில் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். எலும்பு மில் தூரம் என்று சொல்லாமல் அவர்கள் இருந்த அந்த ஒரு நிமிடம்தான் அவருக்குச் செய்த உபகாரம். மௌனம் முடிந்ததும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஜசிந்தாவுக்குத் தூக்கம் போனது. செசிலியின் மகள் ஷைனி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் கப்பலில் வேலை. பிரசவம் நெருங்கிவிட்டது. குழந்தை இறங்கி நிற்கிறது, எழுந்து நடக்கவே கூடாது, வலி வந்ததும் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அது தீர்மானத்துக்கு முன்பு. அரைநாள் பாதையில் எப்படித் தாமதிக்காமல் கொண்டுபோவது?

"பெரியம்மா, பயமா இருக்கு," என்றாள் ஷைனி அடுப்படிக் கதவருகே கட்டிலில் படுத்தபடி. அவள் கண் இமை அடித்துக்கொள்வதுகூட ஜசிந்தாவுக்குத் தெரிந்தது.

"பயப்பட வேண்டியது நீ இல்லடி. இந்தத் தெருவுல இருக்கிற தடிக் கழுதைங்க."

அன்றே ரத்னவேலு வீட்டுக்குப் போனாள். அவர் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி திலகவதி கதவு நிலையில் நின்றாள். கூட்டங்களில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை உறுதிமொழி வேண்டாம் சார். சும்மா இருந்தாப் போதும். போன தடவை ஒரு வாரம் பேசாம இருந்தப்பவே ஆடு வந்துச்சு. பொம்பளை வர மாட்டாளா?"

"மேடம், நான் மனிதாபிமானம் இல்லாதவன் கிடையாது."

"நான் அதைக் கேட்கலையே."

"ஒருத்தருக்காக ஒரு வாரம் விட்டா, அடுத்த வாரம் இன்னொருத்தர் வருவார். ஆம்புலன்ஸ் லைனுக்குள்ள போகக் கூடாதுன்னு நாங்க தடை போடலையே? தாராளமாப் போகட்டும். என்ன, கொஞ்சம் தூரம்."

"அந்தத் தூரத்தைப் பெத்தது உங்க வாய் சார்."

"ஜனநாயக முறைப்படி," என்றார் ரத்னவேலு.

அவள் படியிறங்கி வரும்போது பின்னாலேயே கேட் வரை வந்த திலகவதி, கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜசிந்தாவுக்கு அவள்மேலும் எரிச்சல்தான் வந்தது. பேசாமல் நிற்பவர்களுக்குப் பாவம் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை.

வலி அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்தது. நாற்காலி போட்டாயிற்று, மைக் டெஸ்டிங் முடிந்தாயிற்று, எல்லோரும் எழுந்து கையை நீட்டி உறுதிமொழியைச் சொல்லி முடித்து உட்காரும்போது, "அம்மா" என்ற ஒரு அலறல் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் விழுந்தது. தூரம் காலுக்குத்தானே, காதுக்கு இல்லையே. ஷைனி ஒவ்வொரு வீட்டு நடுக்கூடத்திலும் படுத்திருப்பது மாதிரி கத்தினாள். காமேஸ்வரி தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். ரத்னவேலு மைக்கின் சத்தத்தைக் கூட்டி, பார்க்கிங் பிரச்சனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

லைன்காரர்கள் ஷைனியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் இறங்கினார்கள். செசிலி பக்கத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சந்து முனையில் நின்ற ஜசிந்தாவுக்கு எல்லாம் தெரிந்தது. ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், லைட்டுக் கம்பத்தைத் தாண்டுகிறார்கள், லைட்டுக் கம்பம் மறுபடி அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒரு வாரத்து மௌனம்கூட இல்லை. இப்போதுதான் நாற்பது வீடும் சேர்ந்து சொல்லி முடித்திருக்கிறது.

ஆர்ச்சுக்குள் ஆம்புலன்ஸ் நுழைந்தது. டிரைவர் ஒரு நடுத்தர வயதுக்காரர், தலையை வெளியே நீட்டி, ஆர்ச்சில் எழுதியிருந்ததைப் படித்துக் குழம்பி, வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். ஜசிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"எலும்பு மில்லுன்னு போன் வந்துச்சும்மா. எங்கம்மா இருக்கு?"

"இதுதாம்ப்பா. நீ நிக்கிறதே எலும்பு மில்தான்."

சொன்ன மாத்திரத்தில் சந்துக்குள் லைட்டுக் கம்பம் ஒரு தடவை நழுவிப் பின்னால் போனது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சின்னத் தாவல் முன்னால் வந்தார்கள்.

ஆனால் நம் ஊரில் வழி கேட்கிற எவனும் ஒருத்தி சொன்னதை நம்பி வண்டியை விட்டதாகச் சரித்திரம் கிடையாது. பத்தடி தள்ளி இன்னொரு ஆளிடம் கேட்டால்தான் அவனுக்கு மனசு ஆறும். அந்த டிரைவரும் "சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு, பத்தடி உருட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னாசிமுத்துவிடம் நிறுத்தினார்.

"சார், எலும்பு மில் எங்க சார்?"

ரத்னவேலு மைக்கைப் பிடித்தபடி இன்னாசிமுத்துவைப் பார்த்தார். தெருவே பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜசிந்தா ஒன்றும் சொல்லாமல் புருஷனைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அவர் பழக்கப்படி தலையைக் குனிந்திருப்பார். ஷைனி கத்தினாள்.

"இதுதான்," என்றார் அவர். தன் குரல் தனக்கே கேட்காதவர் மாதிரி இன்னொரு தடவை, எழுந்து நின்று, சத்தமாக, "இதுதாம்ப்பா எலும்பு மில்! ஆர்ச்சுலேர்ந்து ரயில்வே மேடு வரைக்கும் எலும்பு மில்தான்! வண்டியை நேரா விடு!"

கம்பம் பின்னால் நழுவியது. நாற்காலி முன்னால் தாவியது. டிரைவர் பத்தடி உருட்டிக் காமேஸ்வரியிடம் கேட்டார்.

"நான் இந்த ஏரியாவுக்குப் புதுசுப்பா," என்றாள் காமேஸ்வரி. மனை விற்றபோது முதலில் வாங்கியவள் அவள்.

ஜசிந்தா அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "புதுசா? உன் வீட்டு அஸ்திவாரம் தோண்டுனப்ப மாட்டுக் கொம்பு வந்துச்சே, அப்ப யாரு பக்கத்துல நின்னது, உன் பாட்டனா? அந்தக் குழியில எலும்பு அள்ளிக் கொட்டுனது யாரு? அந்தா நாற்காலியத் தூக்கிட்டு ஓடி வர்றானே, அவனோட அப்பன். உன் சமையலறை எலும்பு. உன் படுக்கையறை எலும்பு. உன் ரோஜாத் தொட்டி செழிப்பா வளருதுன்னு பீத்திக்கிறியே, எலும்புடி! இப்ப அந்தப் பொண்ணு கத்துறது காதுல விழலைன்னு சொல்லு பார்ப்போம்."

"விழுது ஜசிந்தா, விழுது," என்று காமேஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது. "இதுதாம்ப்பா எலும்பு மில். போ. போய்த் தொலை, சீக்கிரம் போ!"

அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. டிரைவர் கேட்பதற்கு முன்பே ஒருவர் "இதுதான்" என்றார், அடுத்தவர் "இதுதான்" என்றார், வெட்கத்தோடு சிலர், எரிச்சலோடு சிலர், சந்தியாகு தேய்த்த மடிப்பு கலையாத சட்டையைப் போட்டிருந்த ஒருவர் அழுதுகொண்டே. ஒவ்வொரு வாய்க்கும் கம்பம் ஒரு தடவை நழுவியது. சந்து முனைக்கு நாற்காலி வந்துவிட்டது, ஷைனியின் முழங்காலில் வழியும் ஈரம் தெரிந்தது, ஜசிந்தா கையை நீட்டினாள். அப்போது மைக்கில் ரத்னவேலுவின் குரல் தெரு முழுக்க அதிர்ந்தது.

"எலும்பு மில் இங்கிருந்து ரொம்பத் தூரம்! தீர்மானத்தை யாரும் மீறக் கூடாது! எலும்பு மில் ரொம்பத் தூரம்!"

ஜசிந்தாவின் விரல் நுனியிலிருந்து நாற்காலி பின்னால் போனது. கம்பம் மறுபடி முளைத்தது. செசிலி, "அக்கா!" என்று கத்தினாள். மைக்கில் வந்ததால் ரத்னவேலுவின் ஒரு குரலுக்கு நாலு குரலின் பலம் இருந்தது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், நாற்காலி திரும்பத் திரும்பப் பின்னால் போனது.

டிரைவர் இப்போது நிஜமாகவே குழம்பிப்போய், கடைசியாக ஒரு ஆளைக் கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் இருந்த கேட்டைப் பார்த்தார். அது ரத்னவேலு வீட்டு கேட். உள்ளே திலகவதி நின்றிருந்தாள்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. எலும்பு மில் எங்க இருக்கு?"

திலகவதி தெருவைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், மைக்குக்குப் பின்னால் இருந்த வாயைப் பார்த்தாள்.

"நான் இங்க குடிவந்த நாள்லேர்ந்து எலும்பு மில்லுலதான் இருக்கேன்," என்றாள். கரகரவென்று, உபயோகிக்காத குழாயைத் திறந்தது மாதிரி இருந்தது அவள் குரல். "எங்க வீடு எலும்பு மில்லுல இருக்கு. எங்க வாசல், இந்த ரோடு, நீங்க நிக்கிற இடம் எல்லாம் எலும்பு மில். அந்தப் பொண்ணை ஏத்துங்க."

சந்து சுருங்கியது. சுருட்டி வைத்த பாய் மாதிரி ஒரே சமயத்தில் சுருங்கி, நாற்காலியையும் தூக்கியவர்களையும் செசிலியையும் கார்டன் தெருவுக்குள் தள்ளியது. ஜசிந்தா விழுந்தடித்துப் போய் ஷைனியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். சூடாக இருந்தது. வேர்வையும் எச்சிலுமாக இருந்தது. தொட முடிந்தது. செசிலி அவள் தோளில் முட்டிக்கொண்டு, "எவ்வளவு நேரம்டி உனக்கு, எவ்வளவு நேரம்," என்று வைதாள். அக்காவைத் தங்கை டி போட்டுப் பேசியதை அன்றைக்கு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மூவரும் ஏறினார்கள், கதவு மூடிக்கொண்டது, ஆம்புலன்ஸ் ஆர்ச்சைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

தெருவில் ரத்னவேலு மட்டும் மைக்கை விடவில்லை. லைன் ஜனங்களும் கார்டன் ஜனங்களும் கலந்து நின்ற அந்த ரோட்டின் நடுவில், முகம் கன்றிப்போய், இன்னும் பலமாகக் கத்தினார். "எலும்பு மில் எங்க வீட்டுக்கு ரொம்பத் தூரம்! ரொம்ப ரொம்பத் தூரம்!" ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டை வற்றியதும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போகலாம் என்று கேட்டை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

ஜசிந்தா மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தபோது அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். தன் வீட்டு கேட்டுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், செருப்பு தேய நடந்துகொண்டிருந்தார். நாற்பது வீடும் சேர்ந்து அந்தத் தெருவை எலும்பு மில் என்று சொல்லியாயிற்று. எலும்பு மில் என் வீட்டுக்குத் தூரம் என்று அவர் ஒருவர் சொல்லியாயிற்று. தெருவில் பால் வாங்க வந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். காலையிலேயே பால் பாலாக வந்திருந்தது. எங்களுக்கு அப்பவே தெரியும், நாங்க எப்பவுமே பக்கத்துலதான்னு சொல்வோம் என்று இரண்டு பேர் ஜசிந்தாவை நிறுத்திச் சொன்னார்கள். அவள் அவர்களைப் பார்த்த பார்வையில் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

திலகவதி கேட்டுக்கு உள்ளே நின்றாள். ராத்திரி முழுக்க அங்கேயே நின்றிருப்பாள் போலிருந்தது. அவள் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது.

"குழந்தை எப்படிங்க இருக்கு?" என்று ஜசிந்தாவைக் கேட்டாள்.

"நல்லா இருக்கு. என் வாய் அதுக்கு வந்திருக்கு, ஆஸ்பத்திரியே காதைப் பொத்திக்கிச்சு."

திலகவதி சிரித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்க நிக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள். "இப்பவே கதவைத் திறக்கிறேன்."

ரத்னவேலு நின்றார். உதடு வெடித்திருந்தது. மனைவியைப் பார்த்தார், காலடியில் இருந்த ரோட்டைப் பார்த்தார், பால் கேனோடு நின்ற சவரியம்மாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தெரு பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

வாயை மூடிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நடக்க ஆரம்பித்தார்.